பிரசவத்துக்குப் பின் மறக்கப்படும் இருதயம்

இருதய வியாதி ஆண்களுக்கே உரியது, பெண்களுக்கு அபூர்வமாக வருவது என்ற எண்ணம் படித்தவர்களிடத்திலும் வேரூன்றியிருக்கிறது. உலகெங்கும் பெண்களின் மரணத்துக்கு முதற்காரணமாக நிற்பவை இருதயத்தையும் ரத்தக் குழாய்களையும் பற்றிய வியாதிகளே. மாதவிடாய் நிற்கும் வயது வரையில் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு ஓரளவு காவலாக இருப்பது மெய். ஆனால் நீரிழிவு கண்டுவிட்ட பெண்ணுக்கு அந்தக் காவல் பெரும்பாலும் உதவுவதில்லை.

கர்ப்ப காலத்து எச்சரிக்கை

1947-ஆம் ஆண்டில் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் சின்னாளப்பட்டிக்கு அருகே நிறுவிய காந்திகிராமத்தில் வளர்ந்த கஸ்தூர்பா மருத்துவமனை, திண்டுக்கல் சீமையின் தாய்மார்களுக்குச் சிகிச்சை அளிப்பதை ஒரு விரதமாகவே கொண்டிருக்கிறது. இன்று எந்தக் குக்கிராமத்துக் கர்ப்பிணிக்கும் பிரஷர் பார்க்கிறார்கள், சுகர் பார்க்கிறார்கள். இத்தனை சிரத்தையும் பிள்ளை பிறந்ததும் ஓய்ந்துவிடுவதுதான் வருந்தத்தக்கது. அதன்பிறகு தடுப்பூசிக்காகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பலமுறை ஆஸ்பத்திரிக்குப் போகும் தாய், தன் சரீரத்தைக் காட்டிக்கொள்ள ஒருமுறையும் போவதில்லை.

கர்ப்பத்தின்போது ரத்த அழுத்தம் ஏறிச் சிறுநீரில் புரதமும் கண்ட பெண்ணுக்குப் பிற்காலத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய இருமடங்கு. அப்போது சர்க்கரை கண்டவர்களில் பலர் பின்னர் நிரந்தர நீரிழிவுக்கு ஆளாகிறார்கள். ஆகையால் அத்தகைய தாய், பிரசவமான 6 முதல் 12 வாரங்களுக்குள் சர்க்கரையைச் சோதித்துக்கொண்டு, பிறகு ஆண்டுக்கொருமுறையேனும் அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்வது அவசியம். எத்தனை வருஷம் கழித்து டாக்டரிடம் போனாலும், கர்ப்ப காலத்தில் இன்னது நேர்ந்தது என்பதைச் சொல்ல மறக்கலாகாது.

உழைப்பும் உப்பும்

நூற்பாலையில் ஷிப்டு முழுவதும் நின்று உழைத்து, வீடு திரும்பி அடுப்படியிலும் நிற்கும் பெண்ணிடம் உடற்பயிற்சி செய்யச் சொல்வது கொடுமையாகத் தோன்றலாம். எனினும் நிற்பதும் குனிவதும் சரீரத்தைக் களைப்பிக்கின்றனவே தவிர, இருதயத்துக்கு வேண்டிய இடைவிடாத வேக நடையின் பயனைத் தருவதில்லை. அந்த நடைக்கு வாரத்தில் 150 நிமிஷம் வேண்டும். அதற்கான அவகாசத்தை உண்டாக்கித் தருவது குடும்பத்தாரின் கடமையென்றே நான் கருதுகிறேன்.

திண்டுக்கல் பிரியாணியைக் குறை சொல்வது சுலபம். எப்போதோ உண்ணும் பிரியாணியைக் காட்டிலும், தினந்தோறும் தட்டின் ஓரத்தில் அமரும் ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் சேர்க்கும் உப்பே பெரும் கேடு. ஒருநாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு அடங்க வேண்டுமென்கிறது உலக சுகாதார நிறுவனம். வெற்றிலையோடு மெல்லும் புகையிலையை அறவே விடவேண்டும்.

வாய்வு என்று எண்ணாதீர்

மாரடைப்பில் பெண்களுக்கும் நெஞ்சுவலியே முக்கிய அறிகுறியாயினும், மூச்சுத் திணறல், காரணமற்ற அசதி, குமட்டல், குளிர்ந்த வியர்வை, முதுகிலோ தாடையிலோ வலி ஆகியவையும் அவர்களிடம் காணப்படுகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல்வேளை மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் ‘இதயம் காப்போம்’ திட்டம் 2023 முதல் தமிழ்நாட்டில் நடைபெறுகிறது. ஆதலால், வீட்டுப் பெண்ணுக்கு இவை திடீரெனக் கண்டால், வாய்வு மாத்திரை கொடுத்து விடியட்டும் என்று காத்திராமல், அந்தக் கணமே 108-ஐ அழையுங்கள்.