கி.மு. 103: ஒரு வருஷமும் இரண்டு கணக்கும்

வரலாறு படிப்பிக்கத் தொடங்கிய நாளிலிருந்து எனக்கொரு பழக்கம். பாடத்தில் ஒரு வருஷம் வந்தால், அதே வருஷம் உலகத்தில் வேறெங்கே என்ன நடந்தது என்று தேடிப் பார்ப்பேன். கி.மு. 103 அப்படிப் பார்க்கத் தகுந்தது.

அந்த வருஷம் அனுராதபுரத்தில் வட்டகாமணி அபயன் அரசனாகிறான். சிங்களவர் வலகம்பா என்பார்கள். ஐந்தாம் மாதமே இரண்டு பக்கத்தாலும் நெருக்கடி. உருகுணையில் திஸ்ஸ என்ற பிராமணன் கிளம்புகிறான். ஏழு தமிழ்த் தலைவர்கள் படையோடு மாந்தையில் இறங்குகிறார்கள். இரு தரப்பும் ஆட்சியைக் கேட்டு ஓலை அனுப்பியதாக மகாவம்சம் சொல்கிறது. அரசன் செய்தது கெட்டித்தனமான வேலை. நாடு இனி உனக்குத்தான், நீ போய்த் தமிழரைப் பிடி என்று பிராமணனுக்கு மறுமொழி எழுதினான். அவனும் நம்பிப் போய் அகப்பட்டுக்கொண்டான். ஆனாலும் என்ன, அரசனும் தோற்றுத்தான் ஓடினான். தேரின் பாரம் குறைய, அரசி சோமதேவியை அவளின் சம்மதத்தோடு வழியில் இறக்கிவிட்டான்.

ஏழு பேரில் ஒருவர் சோமதேவியையும், இன்னொருவர் புத்தரின் பிட்சைப் பாத்திரத்தையும் கொண்டு மறுகரை போய்விட்டார்கள். மிஞ்சிய ஐவர் 14 வருஷத்துக்கு மேல் ஆண்டார்கள். அவர்களில் முதல் நாலு பேரையும் கொன்றது அவரவருடைய சேனாதிபதிதான்! முதலில் கிளம்பியவன் பிராமணன், பிறகு வெட்டிக்கொண்டது தங்களுக்குள்ளே. இதைத் தமிழர் சிங்களவர் யுத்தம் என்று ஒரே வரியில் முடிக்கிறவர்கள் மகாவம்சத்தையே சரியாக வாசிக்கவில்லை என்பேன்.

அதே வருஷம் ரோமில் மாரியுஸ் மூன்றாம் முறை கான்சல். சிசிலியில் அடிமைகளின் கிளர்ச்சி எரிகிறது. யெரூசலத்தில் அலெக்சாண்டர் யன்னாயுஸ் ஆட்சிக்கு வருகிறான். நல்ல குதிரை வேண்டி சீனப் பேரரசர் வூ பெர்கானாவுக்கு அனுப்பிய முதல் படை, பட்டினியில் தேய்ந்து வெறுங்கையோடு திரும்புகிறது. பின்னாளில் பாபர் பிறந்த நாடு அது.

பட்டினி இங்கேயும் வந்தது. திஸ்ஸவின் பெயரால் சிங்களத்தில் பெமினிதியா பஞ்சம் என்று சொல்லப்படுவது அதுதான். பிக்குகள் பலர் மாண்டார்கள், பலர் கடல் கடந்தார்கள். மனனத்தில் மட்டும் இருந்த திரிபிடகம் ஆட்களோடு போய்விடுமே என்ற பயம் பிடித்தது. வட்டகாமணி கி.மு. 89இல் திரும்பி வந்த பிறகு, அது ஏட்டில் எழுதப்பட்டது. மாத்தளை அலுவிகாரையில் என்பது மரபு. யமாமாப் போரில் ஹாபிழ்கள் பலர் ஷஹீதானதும், அபூபக்ர் (ரலி) அவர்கள் குர்ஆனைத் திரட்டும் பொறுப்பை ஸைத் பின் தாபித் (ரலி) அவர்களிடம் கொடுத்ததை அறிந்த நமக்கு, இந்தப் பயம் விளங்காததல்ல.

எங்கட மூதூர்க் கரை இந்தக் கதையில் இல்லை. இங்கே கொட்டியார்க் குடாவில் விழும் மகாவலியைத் தொலமி 'கங்கை' என்று எழுதியது ஏறத்தாழ 250 வருஷம் பிந்தி.

ஒரு விஷயம் பாக்கி. மகாவம்சத்தின் வருஷங்கள் புத்தர் பரிநிர்வாணத்திலிருந்து எண்ணப்படுபவை. அதைக் கி.மு. 543 என்று வைத்தால்தான் இது 103. கைகர் போன்றவர்கள் 483 என்று வைத்தார்கள். அப்போது எல்லாம் 60 வருஷம் கீழே இறங்கி, வலகம்பா ஓடியது சீசர் கொலையுண்டதை அடுத்த காலத்துக்கு வந்துவிடும். மாரியுஸை எடுத்துவிட்டு சிசரோவைப் போட வேண்டியதுதான். இலங்கைப் புத்தகங்களில் பெரும்பாலும் 103 என்றே இருப்பதால் நானும் அதையே எடுத்தேன். பழைய ஆங்கிலப் புத்தகத்தில் வேறு வருஷம் கண்டால் அச்சுப் பிழை என்று திருத்திவிடாதீர்கள்.