திரையில் நாளும் நேரமும்



முன்னாளில் பள்ளி அறிவிப்புகள் யாவும் கரும்பலகையில் வெண்கட்டியால் எழுதப்பட்டன. எழுதியவர் மனத்தில் இருந்த நாளே பலகையிலும் இருந்தது. இந்நாளில் சபைக்கூடலிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும் வெண்திரையில் படவில்லைகள் தோன்றுகின்றன. அவற்றை ஆக்க உதவும் பவர்பாயிண்ட் போன்ற மென்பொருள், தேதியைத் தானே எழுதித் தருகிறது. அஃது எந்த நாட்டு வழக்கப்படி எழுதுகிறது என்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

விளையாட்டுப் போட்டி 04/07/2025 அன்று நடைபெறும் என்று திரையில் தோன்றுவதாகக் கொள்வோம். மலேசியராகிய நாம் அதனை ஜூலை 4 என்று படிப்போம். அமெரிக்கர் ஏப்ரல் 7 என்று படிப்பர். அவர்கள் மாதத்தை முதலில் எழுதும் வழக்கமுடையவர்கள். மென்பொருளில் மொழி 'ஆங்கிலம் (அமெரிக்கா)' என்று இருந்தால் அதுவும் அவ்வாறே எழுதும். 07/25 என்று வந்தால் தவறு உடனே புலப்பட்டுவிடும். ஆண்டில் 25ஆம் மாதம் இல்லை அன்றோ? ஒவ்வொரு மாதத்திலும் முதல் பன்னிரண்டு நாள்களில்தான் மயக்கம் நேர்கிறது. அவை ஆண்டுக்கு 144 நாள்கள். 5/5, 6/6 போன்று எப்படிப் படித்தாலும் மாறாத 12 நாள்களைக் கழித்தால், எஞ்சுவன 132. செனவாங் தொழிற்சாலையில் ஒருநாள் சம்பளத்தை இழந்து பிள்ளையின் ஓட்டத்தைக் காண ரந்தாவுக்கு வரும் தந்தைக்கு இது சிறிய செய்தியன்று.

நம் நாட்டிலேயே மற்றொரு வரிசையும் உண்டு. உங்கள் அடையாள எண்ணைப் பாருங்கள். பன்னிரண்டு இலக்கங்களுள் முதல் ஆறும் பிறந்த தேதியைக் குறிப்பன; ஆண்டு, மாதம், நாள் என்பது அவற்றின் வரிசை. 2014 ஆகஸ்டு 5ஆம் நாள் பிறந்த மாணவனுக்கு 140805. ஐ.எஸ்.ஓ. 8601 என்னும் அனைத்துலகத் தரமும் (1988) இதே வரிசையைக் கொண்டு, ஆண்டை முழுமையாக 2014-08-05 என்று எழுதச் சொல்கிறது. கணினியில் கோப்புகளுக்கு இவ்வாறு பெயரிட்டால் அவை தாமே காலமுறைப்படி நிற்கும். ஆனால், பாட்டிமார் படிக்கும் அறிவிப்புக்கு இம்முறை ஏற்றதன்று.

அறிவிப்புக்கு மாதத்தைப் பெயரால் எழுதுவதே சாலச் சிறந்தது: 4 ஜூலை 2025, வெள்ளிக்கிழமை. கிழமையையும் சேர்த்தால் எழுதுபவரே தம் பிழையைக் கண்டுகொள்வார். அவ்வாண்டு ஏப்ரல் 7 திங்கட்கிழமை. நம் முன்னோர் ஆண்டுக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳ எனத் தனித்தனிக் குறிகள் இட்டு எழுதினர். எது நாள், எது மாதம் என்னும் ஐயத்துக்கு அங்கே இடமேயில்லை. அக்குறிகள் கணினியின் யூனிகோடு எழுத்துத் தொகுதியிலும் உள்ளன.

இனி, செய்யும் முறை. 'செருகு' பகுதியில் 'தேதியும் நேரமும்' என்பதை அழுத்தினால் பல வடிவங்கள் பட்டியலாக வரும். மொழியை மலாய் என்றோ 'ஆங்கிலம் (மலேசியா)' என்றோ மாற்றினால் நாள் முன்னே வந்துவிடும். அங்கேயே 'தானாகப் புதுப்பி' என்றொரு கட்டமும் உண்டு. அதில்தான் பெரிய ஆபத்து இருப்பதாக நான் கருதுகிறேன். அதனைத் தெரிவு செய்தால், கோப்பைத் திறக்கும் நாளெல்லாம் அன்றைய தேதியே திரையில் வரும். அன்றாடப் பாடத்துக்கு அது வசதிதான். ஆனால், 2019இல் ஓர் ஆசிரியருக்கு நடந்த பிரியாவிடைப் படங்களை ஆண்டு மலருக்காகப் பின்னொரு நாளில் திறந்தால், விழா இன்று நடந்ததாக அது கூறும். உண்மையான நாள் வேறெங்கும் எழுதப்படவில்லையாயின் பள்ளி வரலாற்றில் ஓர் ஏடு கிழிந்ததற்கு ஒப்பாகும். நிகழ்ச்சிப் பதிவுகளுக்கு 'நிலையானது' என்பதைத் தெரிவு செய்து, நிகழ்ந்த தேதியைக் கையாலேயே தட்டச்சிடுக.

நேரத்துக்கு வருவோம். ஏ.எம்., பி.எம். என்பவை இலத்தீன் சொற்களின் சுருக்கம். நண்பகலுக்கு முன், நண்பகலுக்குப் பின் என்பன பொருள். நண்பகல் 12 மணி முன்னுமன்று, பின்னுமன்று. வெறுமனே 12.00 என்று எழுதினால், இரவுப்பணி செய்யும் பெற்றோர் நள்ளிரவு என்றும் கொள்ளலாம். காலை, நண்பகல், மாலை, இரவு என்னும் சொற்கள் நம்மிடம் இருக்க, அவற்றை எழுதத் தயங்குவானேன்? இணையவழிக் கூட்டமாயின் 'மலேசிய நேரம்' என்றும் குறிப்பிடுக. இங்கு இரவு 8.00 மணியாகும்போது சென்னையில் மாலை 5.30 மணி.

இந்த இரண்டரை மணி வேறுபாடும் என்றும் இருந்ததன்று. 1981 வரை அது இரண்டு மணியாகவே இருந்தது. அவ்வாண்டு டிசம்பர் 31 இரவு 11.30 மணிக்குத் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரைமணி முன்னே நகர்த்தப்பட்டு, சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்கப்பட்டன. ஆகவே, பால்மரக் காலத்துப் பள்ளிக் குறிப்பேட்டிலிருந்து எதையேனும் எடுத்துத் திரையில் இடும் மாணவர்கள் நேரத்தோடு ஆண்டையும் எழுதுக. 1979இல் காலை 7.30க்கு மணியடித்தது என்றால், அன்று வெயில் நின்ற நிலை இன்றைய 8.00 மணிக்குரியது.