ஏடுகள் காத்திருக்கும்

வீராணம் ஏரிக்கரையில் உள்ள லால்பேட்டையில் என் முன்னோரைத் தேடத் தொடங்கியபோது, கையில் இருந்தது பாட்டனார் நிலம் வாங்கிய கிரயப் பத்திரம் ஒன்றே. கடலூர் மாவட்டம் 1993இல் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்தது; அதற்கு முந்தைய ஆவணங்களில் பழைய மாவட்டப் பெயரே இருக்கும். பத்திரத்தில் வாங்கியவர், விற்றவர் ஆகியோரின் தந்தை பெயர்கள் உண்டு. நான்கெல்லை விவரத்தில் அண்டை நிலத்தாரும் உண்டு. ஒரே தாளில் இரண்டு தலைமுறை கிடைத்தது.

ஆனால், பாட்டனாரைப் பெற்றவளின் பெயர் அதில் இல்லை. அதைச் சொன்னவர் எண்பதைக் கடந்த என் அத்தை. என் தந்தை பிறந்தது எப்போது என்றேன். “பெரும்புயல் அடிச்ச வருஷம், சம்பா அறுப்புக்கு முன்னாடி” என்றார். நாகப்பட்டினம் பகுதியைப் புயல் தாக்கியது 1952 நவம்பர் 30. பழைய பிறப்புப் பதிவுகள் பலவற்றில் குழந்தையின் பெயரே இருக்காது. ஆண்டு தெரியாமல் தேட முடியாது. அத்தையின் நினைவே உரிய பக்கத்தைக் காட்டியது.

அத்தை இப்போது இல்லை. அவரிடம் நான் கேட்காமல் விட்ட பெண்களின் பெயர்கள் இனி எந்த அலுவலகத்திலும் கிடைக்கப்போவதில்லை. ஏடுகளை நாளையும் புரட்டலாம். வீட்டு முதியவர்களை இன்றே கேளுங்கள்.