மலை உச்சிப் புல்லுக்கும் சூடு பிடிக்கிறது

அக்கரப்பத்தனை, பத்தனை என்று நம்ம ஊர்ப் பெயர்களில் வரும் 'பத்தனை'க்கு என்ன அர்த்தம் தெரியுமா? சிங்களத்தில் 'பத்தன' என்றால் புல்வெளி. தேயிலை வருவதற்கு முன்னமே மலையில் இருந்தது அந்தப் புல். உயர்ந்த மலையில் இன்றைக்கும் அது பரந்து கிடப்பது ஹோட்டன் சமவெளியில்.

"வெறும் புல்தானே, இருந்தா என்ன, போனா என்ன?" என்று கேட்கலாம். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று கங்கைகளுக்கும் தண்ணி கொடுக்கும் ஓடைகள் அங்கேதான் பிறக்கின்றன. புல்லின் வேரும் கறுப்பு மண்ணும் மழைத் தண்ணியைப் பிடித்து வைத்து, கொஞ்சங் கொஞ்சமாக கீழே விடுகின்றன.

உலகம் சூடாகி வருகிறது. அது மலைப் புல்லை என்ன செய்யும்? இதை அறிய அமெரிக்காவின் கொலராடோ மலையில், சுமார் 2,900 மீற்றர் உயரத்தில், ஜோன் ஹார்ட் என்ற விஞ்ஞானி 1991இல் ஒரு சோதனையைத் தொடங்கினார். புல்வெளியில் 10 பாத்திகளை அளந்தார். ஐந்துக்கு மேலே சூடு தரும் கருவிகளைத் தொங்கவிட்டார். கோழிக் குஞ்சுக்கு பல்ப் போட்டு சூடு கொடுக்கிறோமே, அந்த மாதிரி. மற்ற ஐந்தையும் சும்மா விட்டார். இரண்டையும் ஒப்பிட்டால்தானே சூட்டின் வேலை எது, மழை வெயிலின் வேலை எது என்று பிரித்துச் சொல்ல முடியும்!

சூடாக்கிய பாத்திகளில் பனிக்கட்டி முந்தியே கரைந்தது. கோடையில் மண் காய்ந்தது. பூச்செடிகள் குறைந்து, மரிக்கொழுந்து இனத்துப் புதர்ச்செடி ஓங்கியது. முதல் சில வருடங்களிலேயே மண்ணில் மக்கிய சத்தும் குறைந்தது. சோதனை ஏறக்குறைய 30 வருடம் நடந்தது.

நம்ம மலையில் அந்த மாதிரி பனிக்கட்டி மூடுவதில்லை. ஆகவே அங்கே நடந்தது அப்படியே இங்கே நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு கணக்கு எல்லா மலைக்கும் பொது. 100 மீற்றர் ஏறினால் அரைப் பாகைக்குச் சற்று மேல் குளிர் கூடும். உலகம் 2 பாகை சூடானால், பழைய குளிரைத் தேடி ஒரு செடி சுமார் 300 மீற்றர் மேலே போக வேண்டும். ஹோட்டன் சமவெளியே 2,100 மீற்றருக்கு மேல். நாட்டின் ஆக உயர்ந்த பீதுருதாலகாலை 2,524 மீற்றர்தான். அதற்கு மேலே ஏற மலை ஏது?

சூட்டை நாம் தனியாக நிறுத்த முடியாது. ஆனால் வறட்சிக் காலத்தில் பத்தனைப் புல்லுக்கு நெருப்பு வைக்காமல் இருக்கலாம். வெந்த மண் மழையில் கரைந்து போகும், தண்ணியைப் பிடித்து வைக்காது.

இன்னொன்று. ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழுந்து கொழுந்து கருகும் நாட்களைப் பிள்ளைகளிடம் சொல்லி ஒரு கொப்பியில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். பீலியில் தண்ணி குறையும் நாளையும் எழுதட்டும். பத்து வருடம் எழுதினால் அதுவும் ஓர் ஆராய்ச்சிதான்.