மெஷின் ரெடி... மூளை எது பாஸ்?

காலேஜ் ஒர்க்‌ஷாப்ல சி.என்.சி. மில்லிங் மெஷின் இருக்கு. அதை ஓட்ட எந்த கேம் சாஃப்ட்வேர்? மெக்கானிக்கல் மக்களுக்கு ஒரு கைடு!

ஆவாரம்பாளையம், கணபதி பக்கம் ஒரு ரவுண்டு போய்ப் பாருங்க. பம்ப், மோட்டார், கிரைண்டர், வால்வு... எதுக்கு வேணும்னாலும் பார்ட்ஸ் பண்ணித் தர்ற பட்டறைகள் வரிசையா நிக்கும். 1937-ல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவிலேயே தயாரான முதல் மின்மோட்டாரை உருவாக்கின ஊர் இது. 1962-ல் நூற்பாலை மெஷின்களுக்காக ஆரம்பிச்ச லட்சுமி மெஷின் ஒர்க்ஸ், 1988-ல் மெஷின் டூல் பிரிவைத் தொடங்கி சி.என்.சி. மெஷின்களையே தயாரிக்க ஆரம்பிச்சது.

இப்படி ஒரு ஊர்ல மெக்கானிக்கல் படிச்சுட்டு, இன்டர்வியூவில் 'சி.என்.சி.யா? டெமோ காட்டினாங்க சார்'னு சொன்னா எப்படி இருக்கும்? சில காலேஜ்கள்ல நிலவரம் அதுதான். லட்சக்கணக்குல செலவு பண்ணி வாங்கின மெஷின், ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கத்தான் கவர் கழட்டப்படுது. காரணம் கேட்டா, 'சாஃப்ட்வேர் ஒரே ஒரு சீட்தான் இருக்கு', 'பசங்க கையில கொடுத்தா டூல் உடைஞ்சிடும்'.

ரெண்டுமே தீர்க்கக்கூடிய பிரச்னைதாங்க. மெஷினைப் பார்த்துப் பார்த்து வாங்கற நாம, சாஃப்ட்வேரையும் அதே மாதிரி வாங்கணும்.

இந்த கேம் வேற!

மொபைல்ல ஆடற கேம் இல்லீங்க இது. 'கேட்'ல நீங்க வரைஞ்ச பார்ட்டை, கட்டர் எந்த வழியா போய் வெட்டணும்னு பாதை போட்டுக் கொடுக்கறது 'கேம்'. ரஃபிங் எவ்வளவு ஆழம், ஃபினிஷிங்குக்கு எவ்வளவு மிச்சம், எந்த டூல் எப்போ மாறணும்... எல்லாத்தையும் முடிவு பண்ணி கடைசியில ஜி கோட் ஆக்கிக் கொடுக்கும்.

ரெண்டு ஓட்டை போடவும் ஒரு ஸ்லாட் வெட்டவும் சாஃப்ட்வேரே தேவையில்லை. கையாலேயே புரோகிராம் எழுதிடலாம், எழுதவும் தெரியணும். ஆனா வளைவு நெளிவான ஒரு இம்பெல்லர், ஒரு டை அல்லது மோல்டுன்னு போனா, கையால எழுதி மாளாது. அங்கேதான் கேம் வேணும்.

போஸ்ட் வந்துச்சா?

சாஃப்ட்வேர் கம்பெனிக்காரங்க டெமோவுல அஞ்சு ஆக்சிஸ்ல ஒரு டர்பைன் பிளேடை வெட்டிக் காட்டி அசத்துவாங்க. அசந்துடாதீங்க. முதல்ல கேட்க வேண்டிய கேள்வி, 'எங்க மெஷினுக்குப் போஸ்ட் இருக்குங்களா?'

போஸ்ட்டுன்னா போஸ்ட் பிராசஸர். கேம் போட்ட பாதையை, உங்க மெஷின் கன்ட்ரோலருக்குப் புரியற பாஷையில மொழிபெயர்க்கறது இதோட வேலை. ஜி கோட் பேரு ஒண்ணுதான். ஆனா கோயமுத்தூர் தமிழும் மதுரைத் தமிழும் மாதிரி கன்ட்ரோலருக்கு கன்ட்ரோலர் வித்தியாசம் உண்டு. துளை போட ஃபானுக்ல ஜி81, சீமென்ஸ்ல சைக்கிள்81. டூல் நீளத்துக்கு ஃபானுக் ஜி43 எச் நம்பர் கேட்கும். சீமென்ஸ் அதோட சொந்த பாணியில டி நம்பர்னு போகும். சின்ன லேப் மெஷின்கள்ல இருக்கற மாக்3-ல, ஆர்க்கோட சென்டரை எப்படிக் கணக்கு பண்றதுன்னு ஒரு செட்டிங் இருக்கு. அது மாறியிருந்தா, சின்ன வளைவு வெட்ட வேண்டிய இடத்துல கட்டர் பெரிய வட்டம் அடிக்கக் கிளம்பிடும். மில்லிமீட்டரா இன்ச்சாங்கறது மாறிப்போனா 25.4 மடங்கு வித்தியாசம். வைஸ், கட்டர் ரெண்டும் காலி!

அதனால காசு கொடுக்கறதுக்கு முன்னாடி, உங்க மெஷின்லயே ஒரு ஜாப் ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. அதுதான் நிஜ டெமோ.

எதை வாங்கலாம்?

பெரிய கம்பெனிகள்ல மாஸ்டர்கேம், சீமென்ஸ் என்.எக்ஸ்., சாலிட்கேம், பவர்மில் எல்லாம் ஓடுது. இதுல நம்ம நாட்டுச் சரக்கும் ஒண்ணு உண்டு. கேம்ஒர்க்ஸை வளர்த்தது மும்பையைச் சேர்ந்த ஜியோமெட்ரிக் நிறுவனம். 2017-ல் அது ஹெச்.சி.எல். கைக்கு வந்தது. 2018 பதிப்பு முதல் சாலிட்ஒர்க்ஸோட சேர்ந்து வர்ற சாலிட்ஒர்க்ஸ் கேம், இதை அடிப்படையா வச்சதுதான். ஏற்கெனவே சாலிட்ஒர்க்ஸ் இருக்கற காலேஜ், தனியா செலவு பண்றதுக்கு முன்னாடி இதை விசாரிச்சுடுங்க.

ஆட்டோடெஸ்க் ஃப்யூஷன், மாணவர் அடையாளத்தைச் சரிபார்த்த பிறகு படிப்புக்கு இலவசமா கிடைக்குது. வருஷா வருஷம் புதுப்பிக்கணும், இன்டர்நெட் வேணும், வெளி ஜாப் எடுத்துச் சம்பாதிக்கக் கூடாது. 'பெர்சனல்' இலவச பதிப்போட இதைக் குழப்பிக்காதீங்க. அதுல 2020-லேயே வேகமான ரேபிட் நகர்வையும் தானா டூல் மாத்தற வசதியையும் எடுத்துட்டாங்க.

ஃப்ரீகேட் முழுக்க ஓப்பன் சோர்ஸ். 2024 நவம்பர்ல 1.0 பதிப்பு வந்தது. பாக்கெட், டிரில்லிங், சுத்துவெட்டு மாதிரி வேலைகளுக்குத் தாராளமா போதும். லினக்ஸ்லயும் ஓடும். சிக்கலான 3டி பரப்புகளுக்கு மட்டும் இது கொஞ்சம் திணறும். ஆனா சீட் கணக்கே கிடையாது, 60 பேர் 60 கம்ப்யூட்டர்ல போட்டுக்கலாம்!

மூணு ஆக்சிஸ் மெஷின் வச்சிருக்கற காலேஜுக்கு அஞ்சு ஆக்சிஸ் பேக்கேஜ் எதுக்கு? அந்தக் காசுல கட்டரும் அலுமினியமும் வாங்கலாம். பசங்க வெட்டிப் பழக அதுதானே வேணும்!

'கிராக்' வேண்டாம் மச்சி!

'ஃப்ரெண்டு பென்டிரைவ்ல இருக்கு'ங்கற பேச்சே வேண்டாம். திருட்டு சாஃப்ட்வேர்னு தெரிஞ்சே பயன்படுத்தினா, காப்புரிமைச் சட்டம் 63பி பிரிவுப்படி 7 நாள் முதல் 3 வருஷம் வரை ஜெயில், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் வரை அபராதம் உண்டு. அதோட, ஏதோ ஒருத்தர் திருத்தின போஸ்ட்டை நம்பி நிஜ ஸ்பிண்டிலை ஓட்டறது தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கற வேலை.

சாஃப்ட்வேர் மட்டும் போதாது

சாஃப்ட்வேர் தானா ஒரு ஸ்பீடு கொடுக்கும். அது உங்க மெஷினுக்குச் சரியான்னு நீங்கதான் பார்க்கணும். 10 மி.மீ. கட்டர், அலுமினியம், வெட்டும் வேகம் நிமிஷத்துக்கு 100 மீட்டர்னு வச்சுக்கோங்க. 1000 x 100 ÷ (3.14 x 10), சுமார் 3,180 ஆர்.பி.எம். ரெண்டு பல் கட்டர், பல்லுக்கு 0.05 மி.மீ.ன்னா ஃபீட் நிமிஷத்துக்கு 318 மி.மீ. இந்தக் கணக்கு விரல் நுனியில இருக்கறவருக்கு எந்த சாஃப்ட்வேரைக் கொடுத்தாலும் சீக்கிரமே பிடிச்சுடுவார்.

போட்டியும் சும்மா இல்லை. 2022-ல் தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸோட ஒப்பந்தம் போட்டு 71 அரசு ஐ.டி.ஐ.களை நவீனப்படுத்தற வேலையில இறங்கினது. அங்கே சி.என்.சி. பயிற்சியும் உண்டு. பட்டறை ஓனர் கேட்கப் போறது உங்க பர்சென்டேஜை இல்லை. 'ஏனுங் தம்பி, இந்த டிராயிங்குக்கு புரோகிராம் போட்டு, ஜீரோ செட் பண்ணி, ஜாப் எடுத்துடுவீங்களா?' இதுக்கு 'எடுத்துடுவேனுங்க'ன்னு சொல்ற தைரியம் கவர் போட்ட மெஷின்லேர்ந்து வராது.

டிபார்ட்மென்ட் மீட்டிங்ல கேளுங்க!

* நம்ம கன்ட்ரோலருக்குச் சோதிச்ச போஸ்ட் தருவாங்களா? திருத்தம் வந்தா யார் செய்வாங்க, அதுக்குத் தனி காசா?

* எத்தனை சீட்? ஹாஸ்டல்ல லேப்டாப்லயும் போட்டுக்கலாமா?

* லைசென்ஸ் நிரந்தரமா, வருஷ சந்தாவா? சந்தா நின்னா பழைய ஃபைல் திறக்குமா?

* மோதல் நடந்தா ஸ்கிரீன்லயே காட்டற சிமுலேஷன் இருக்கா?

* சாருக்கும் லேப் இன்ஸ்ட்ரக்டருக்கும் டிரெய்னிங் உண்டா?

முதல் ஜாபை சிமுலேஷன்ல பாருங்க. அப்புறம் கட்டரை மேலே தூக்கி வச்சு டிரை ரன். அடுத்து சிங்கிள் பிளாக்ல, ஒரு கை ஃபீட் ஓவர்ரைடு மேல, இன்னொரு கை எமர்ஜென்சி பட்டன் பக்கம். இதைப் பழக்கமாக்கிக் காட்டினா, 'டூல் உடைஞ்சிடும்'னு பயப்படற சாரும் சாவியைக் கொடுத்துடுவார். கவரைக் கழட்டுங்க பாஸ்!