வாக்கில்லாத இரசிகன்

புகைவண்டிப் பாதை வந்து முடியும் ஊர் பதுளை. 1924ஆம் ஆண்டில் இங்கு வந்து நின்ற இருப்புப்பாதை அதற்கப்பால் ஓரடியும் செல்லவில்லை. கொழும்பில் முடிவாகும் காரியங்கள் யாவும் நாடெங்கும் சுற்றிக் களைத்து, ஈற்றில் வந்து சேருமிடம் இது என்று நாம் நகையாடலாம். ஆயினும், கிரிக்கெட்டில் இலங்கை அணி தோற்ற செய்தி மட்டும் இங்கு தாமதித்து வருவதில்லை.

2023 நவம்பர் 2ஆம் நாள் மாலை. பேருந்து நிலையத்தை அடுத்த தேநீர்க்கடையொன்றில், பசறைக்கும் லுணுகலைக்கும் போக வேண்டியவர்கள் பேருந்தை மறந்து தொலைக்காட்சிப் பெட்டியின் முன் நின்றுகொண்டிருந்தனர். மும்பை வான்கடே மைதானத்தில் உலகக் கிண்ண ஆட்டம். இந்தியா எட்டு விக்கெட்டுகளை இழந்து 357 ஓட்டங்களைக் குவித்திருந்தது. பதிலுக்கு ஆட வந்த இலங்கை, முதற் பந்திலேயே ஒரு விக்கெட்டைப் பறிகொடுத்தது. கையிலிருந்த தேநீர் ஆறுமுன் நால்வர் வெளியேறிவிட்டனர். 19.4 ஓவர்களில், 55 ஓட்டங்களோடு எல்லாம் முடிந்தது. தோல்வி 302 ஓட்டங்களால்!

எவரும் கூச்சலிடவில்லை. தோட்டத்தில் பேர் பதிந்து உழைத்து ஓய்ந்த முதியவர் ஒருவர், அருகில் நின்ற மாணவனைப் பார்த்துக் கேட்டார்:

"தம்பி, ஆடுறவன் தோத்தா ஆறுதல் சொல்லலாம். இத நடத்துறவங்கள யாருப்பா அங்க வச்சது?"

"அவங்களுக்கும் எலெக்சன் இருக்கு, தாத்தா."

"அப்ப நமக்கும் ஓட்டு உண்டா?"

"இல்ல தாத்தா."

முதியவர் சிரித்தார். "அது நமக்குப் புதுசா என்ன?" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளிலிட்டுக்கொண்டு பேருந்தை நோக்கி நடந்தார்.

அந்தச் சிரிப்பில் பொதிந்திருந்த பொருளைச் சிறிது விரித்து நோக்குவதே இக்கட்டுரையின் எண்ணம்.

தோல்வி வேறு, ஏமாற்றம் வேறு

தோல்வியைத் தாங்க அறியாதவனல்லன் இலங்கை இரசிகன். 1981இல் இந்நாட்டுக்கு டெஸ்ட் ஆடும் தகுதி கிட்டியது. 1982 பெப்ரவரியில் இங்கிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆட்டம் நிகழ்ந்தது. முதல் வெற்றிக்கு 1985 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பெரிய நாடுகளிடம் அடுத்தடுத்துத் தோற்ற அந்நாட்களில் மக்கள் அணியை வெறுத்தார்களா? இல்லை. தவழும் குழந்தை விழுந்தால் எந்தத் தாய் சினங்கொள்வாள்?

பின்னர் வந்தது 1996 மார்ச் 17. லாகூரில் அவுஸ்திரேலியாவை ஏழு விக்கெட்டுகளால் வென்று இலங்கை உலகக் கிண்ணத்தை ஏந்தியது. அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காது 107 ஓட்டங்கள் எடுத்தார். அர்ஜுன ரணதுங்க இறுதிவரை அவரோடு நின்றார். தோட்டங்களில் அக்காலத்தில் தொலைக்காட்சிப் பெட்டி அரிது. ஒரு பெட்டி இருந்த வீட்டின் இஸ்தோப்பிலே லயம் முழுவதும் திரண்டு நின்ற இரவு அது.

மலையகத்தார்க்கு அவ்வெற்றியில் தனியுரிமை ஒன்றும் இருந்தது. அந்த அணியில் கண்டியைச் சேர்ந்த முத்தையா முரளிதரன் இருந்தார். தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வேலை தேடி வந்தவரின் பேரன் அவர். 1995 டிசம்பரில் மெல்பேர்ணில் அவரது பந்துவீச்சு முறையற்றதென நடுவர் ஏழுமுறை அறிவித்தபோதும், 1999 ஜனவரியில் அடிலெயிடில் மீண்டும் அவ்வாறு அறிவிக்கப்பட்டபோதும், அவர் பக்கம் நின்றவர் அணித் தலைவர் ரணதுங்க. அடிலெயிடில் அவர் தமது அணியினரை எல்லைக் கோடுவரை அழைத்துச் சென்ற காட்சியை மறக்க இயலுமா? தன் பேரன் போன்றவனுக்காக நாட்டின் தலைவனொருவன் உலகத்தோடு வழக்காடியதைத் தோட்டத்து முதியவர்கள் கண்டார்கள். 2010 ஜூலையில் காலியில் தமது 800ஆவது டெஸ்ட் விக்கெட்டோடு முரளிதரன் விடைபெற்றபோது, அந்த எண் இங்குள்ள சிறுவர்க்கு வாய்ப்பாடாகிவிட்டது.

இவ்வாறு நெஞ்சைக் கொடுத்தவர்களுக்கு 2023 என்ன தந்தது? செப்டெம்பர் 17ஆம் நாள், கொழும்பில் ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் 50 ஓட்டங்கள். ஏழு வாரங்கள் கழியுமுன் மும்பையில் 55. உலகக் கிண்ணத்தில் ஒன்பது ஆட்டங்களில் இரண்டே வெற்றிகள், ஒன்பதாம் இடம். அதன் விளைவாக 2025ஆம் ஆண்டின் சாம்பியன்ஸ் கிண்ணத்தில் ஆடும் தகுதியும் பறிபோயிற்று. இளமைத் தடுமாற்றம் என்று இதனைக் கொள்ளல் இயலுமா? வளர்ந்து வாழ்ந்த வீடு கவனிப்பாரற்றுச் சரிவதைக் காணும் வேதனை அன்றோ இது!

மூடிய கதவுக்குள்

நோய் திடீரென வந்ததன்று. 2011 ஜூலையில் இலண்டன் லோர்ட்ஸ் மைதானத்தில் கௌட்ரி நினைவுரை ஆற்றிய குமார் சங்கக்கார, 1996 வெற்றிக்குப் பின் பெருஞ்செல்வம் வந்து குவிந்ததும், தன்னலம் கருதாத தொண்டர்கள் நடத்திய நிறுவனம் அதிகாரப் போட்டியின் களமாயிற்று என்று மனந்திறந்து கூறினார். அவ்வுரை குறித்து விசாரிக்குமாறு அன்றைய விளையாட்டுத்துறை அமைச்சர் பணித்தார். நோயைச் சொன்னவரையே விசாரிக்கும் வைத்தியம் நமக்குப் பழகியதே.

2023 நவம்பரில் நிகழ்ந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால், நாடகமொன்றின் களங்களைப் போல் தோன்றும். 6ஆம் நாள், அமைச்சர் ரொஷான் ரணசிங்க கிரிக்கெட் சபையைக் கலைத்து, அர்ஜுன ரணதுங்கவின் தலைமையில் இடைக்காலக் குழுவை நியமித்தார். மறுநாளே மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்நியமனத்தை இடைநிறுத்த, பழைய சபை மீண்டது. 9ஆம் நாள், எதனிலும் ஒன்றுபடாத பாராளுமன்றம், சபை பதவி விலக வேண்டுமென ஒருமனதாகத் தீர்மானித்தது. 10ஆம் நாள், அரசின் தலையீடு கூடாது என்னும் விதியைக் காட்டிச் சர்வதேச கிரிக்கெட் பேரவை இலங்கையின் உறுப்புரிமையை இடைநிறுத்தியது. பத்தொன்பது வயதுக்குட்பட்டோரின் உலகக் கிண்ணப் போட்டி இலங்கையிலிருந்து தென்னாபிரிக்காவுக்கு மாற்றப்பட்டது. 27ஆம் நாள் அமைச்சரே பதவி நீக்கப்பட்டார். அவரது இடத்துக்கு வந்தவர் ஹரின் பெர்னாண்டோ. 2015இல் நம் ஊவா மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர். 2024 ஜனவரி 28இல் தடை நீங்கியது.

ஒவ்வொரு தரப்பிடமும் ஒரு நியாயம் இருந்தது. சபையினர் தாம் முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்டோர் என்றனர், அது பொய்யன்று. 1973ஆம் ஆண்டின் விளையாட்டுச் சட்டம் தமக்கு அதிகாரம் அளிக்கிறது என்பது அமைச்சர் பக்கத்து வாதம். அரசியல்வாதிகளின் கையில் ஆட்டம் சிக்கிவிடலாகாது என்னும் பேரவையின் கவலையும் வெறுமையானதன்று; 2019இல் சிம்பாப்வேயையும் அது இதே காரணத்துக்காக இடைநிறுத்தியிருந்தது. ஆனால் இம்மூவரும் வழக்காடிய மன்றத்தில் நான்காமவன் ஒருவனுக்கு இருக்கை இடப்படவே இல்லை. அவனே இரசிகன். சபையின் தேர்தலில் வாக்களிப்போர் கழகங்களும் சங்கங்களுமே. நீதி கேட்டு வந்த கண்ணகிக்கேனும் வாயிலோன் வழிவிட்டான். அரசவை அவளுக்குச் செவிசாய்த்தது. மைட்லண்ட் பிளேசில் உள்ள சபையின் வாயிலில் நின்று முழங்கியவர்களுக்குக் காவற்படையே விடையாகக் கிடைத்தது.

கடல் கடந்த சான்றுகள்

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரில், 'அத்லெற்றிக்ஸ்' என்னும் பேஸ்போல் அணியை உரிமையாளர் வேறு நகருக்குக் கொண்டுசெல்ல முனைந்தார். நல்ல ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகப் பிற அணிகளுக்குப் போயினர்; மைதானம் வெறிச்சோடியது. ஆட்களே வருவதில்லை என்பதே வெளியேறுவதற்குக் காரணமாயிற்று! அப்போது இரசிகர்கள் புதியதோர் அறப்போரைக் கண்டனர். பகிஷ்கரிப்புக்கு மாறாக, 2023 ஜூன் 13ஆம் நாள் 27,759 பேர் திரண்டு மைதானத்தை நிறைத்து, "விற்றுவிடு, விற்றுவிடு" என்று உரிமையாளரை நோக்கி முழங்கினர். அன்று அணி வென்றது. ஆயினும் அப்பருவத்தில் 112 ஆட்டங்களில் தோற்று, 2024 செப்டெம்பர் 26இல் ஓக்லண்டில் தன் கடைசி ஆட்டத்தை ஆடிவிட்டு ஊரைவிட்டே போய்விட்டது. முழங்கத் தெரிந்த மக்களுக்கு முடிவு செய்யும் உரிமை இருக்கவில்லை.

ஜெர்மனியிலோ உதைபந்தாட்டக் கழகங்களில், சில விலக்குகள் நீங்கலாக, பாதிக்கு மேற்பட்ட வாக்குரிமை கழக உறுப்பினர்களிடமே இருத்தல் வேண்டும் என்பது விதி. பணம் இட்டவன் பங்கு கொள்ளலாம். கழகத்தையே விழுங்கிவிட முடியாது. அங்கும் அணிகள் தோற்கின்றன. ஆனால் தோற்ற அணியின் இரசிகன், அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்க வழியுண்டு.

நமக்குப் புதிதா?

முதியவரின் சிரிப்புக்கு மீள்வோம். 1947இல் தோட்ட மக்களின் வாக்கு, இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. மறு ஆண்டே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது; 1949இன் தேர்தல் திருத்தம் வாக்கையும் கொண்டுபோயிற்று. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் எண்ணிக்கை பேசி அம்மக்களைப் பங்கிட்டனர். எஞ்சியோரின் குடியுரிமைக் குறை தீர 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. தோட்டங்களும் அவ்வாறே கைமாறின. வெள்ளையர் கம்பனிகளிடமிருந்து 1970களில் அரசுக்கும், 1992இல் அரசிடமிருந்து மீண்டும் கம்பனிகளின் நிர்வாகத்துக்கும் சென்றபோது, கொழுந்து பறித்த கையை எவரும் கலந்து கேட்டதில்லை.

ஒரு சமூகத்தின் குடியுரிமையையும் ஓர் ஆட்டத்தின் மனக்குறையையும் ஒரே தராசில் இடுதல் தகாது; அதனை நாம் நன்கறிவோம். முன்னது வாழ்வு, பின்னது மகிழ்வு. எனினும் வாக்கற்றிருத்தல் எத்தகையது என்பதைப் பட்டு உணர்ந்தவர்களின் கண் கூரியது. ஒருவனது உழைப்பும் அன்பும் வேண்டும், அவனது கேள்வி வேண்டா என்னும் ஏற்பாடு எங்கு தலைகாட்டினும் அவர்கள் அதனை இனங்கண்டுகொள்வர்.

இரசிகன் கேட்பது கிண்ணத்தை மட்டுமன்று. கணக்கு வழக்குகள் சிங்களத்திலும் தமிழிலும் மக்கள் முன் வைக்கப்படட்டும். வீரரைத் தேர்ந்த காரணமும் தள்ளிய காரணமும் சொல்லப்படட்டும். கொழும்புக்கு வெளியேயுள்ள பாடசாலைகளின் குரலுக்கும் சபையில் இடம் வேண்டும். கொழும்பிலும் காலியிலும் பல்லேகலையிலும் தம்புள்ளையிலும் சர்வதேச ஆட்டங்கள் நிகழ்கின்றன. ஊவாவில் அத்தகைய மைதானம் ஒன்றேனும் எழவில்லை. பதுளை வின்சென்ட் டயஸ் மைதானத்துக்குப் பயிற்சிக்குப் போய்வர, நமுனுகுலைச் சாரலிலுள்ள பிள்ளைக்குப் பேருந்துக் கட்டணமே பெருஞ்சுமை. இன்னொரு முரளிதரன் அங்கே இருக்கிறானா என்று தேடிப் போவார் யார்?

அந்தத் தோல்விக்கு மறுநாளும், பாடசாலை விட்டபின், லயத்துக்குக் கீழேயுள்ள சிறு சமதரையில் பையன்கள் பலகை மட்டையோடு இறங்கினார்கள். அவர்களது ஆட்டத்தில் மாற்றமுடியாத சட்டம் ஒன்று உண்டு. பந்து தேயிலைச் செடிக்குள் போய்விட்டால், அடித்தவனே இறங்கித் தேடிக்கொண்டு வருதல் வேண்டும். அட்டை கடிக்கும் என்றோ, இருட்டிவிட்டது என்றோ சொல்லித் தப்ப முடியாது. பந்து கிடைக்கும்வரை மற்றவர்கள் அங்கேயே நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.