நகர்மன்றக் கூட்டத்தில் உங்கள் வார்டின் குரல் கேட்கிறதா?

மன்னார்குடி 1866-லேயே நகராட்சியான ஊர். இன்று 33 வார்டுகள். நகர்மன்றக் கூட்டம் என்றால் 33 உறுப்பினர்கள், தலைவர், ஆணையர், பொறியாளர், மற்ற அலுவலர்கள் எல்லோரும் ஒரே அறையில் உட்கார வேண்டும்.

இந்த அளவுள்ள ஒரு நகராட்சியில், ஐப்பசி மழைக்கு முன்பு நடக்கும் கூட்டத்தைக் கற்பனை செய்து பாருங்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு உறுப்பினர் எழுந்து, "எங்க வார்டுல ரெண்டு தெருவுல இன்னும் வடிகால் தூர் வாரல" என்கிறார். மேலே மின்விசிறி ஓடுது. வெளியே பஸ் ஹாரன். கைமைக் அவரிடம் வந்து சேர்வதற்குள் பாதிப் பேச்சு முடிஞ்சிடுது. குறிப்பெடுப்பவர் காதில் ஒரு தெருவின் பெயர் மட்டும் விழுந்தால் இன்னொரு தெரு விட்டுப்போகும். மழை வந்தால் அந்தத் தெருவில்தான் தண்ணீர் நிற்கும்.

அதனால்தான் கூட்ட அரங்கில் மைக், ஸ்பீக்கர், திரையைப் புதுப்பிப்பதை வெறும் அலங்காரச் செலவாகப் பார்க்கக் கூடாது. மினிட்ஸ் என்று நாம் சொல்லும் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு சரியாக அமைய, முதலில் பேச்சு சரியாகக் கேட்க வேண்டும்.

முதலில் மைக்

ஒலிக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. பேசுபவருக்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால், மைக்குக்குப் போகும் குரல் சுமார் 6 டெசிபல் குறையும். ஆனால் மின்விசிறிச் சத்தம் குறையாது. எனவே மைக் தள்ளிப்போகப் போக, குரல் இரைச்சலில் மூழ்கிவிடும். ஒலியளவைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்துதான் கூடும்.

இதற்குத் தீர்வு, ஒவ்வொரு உறுப்பினரின் மேசையிலும் வளையும் தண்டுள்ள ஒரு மைக். பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும், பேசலாம். ஒரே நேரத்தில் இத்தனை மைக்தான் திறந்திருக்கலாம் என்று வரம்பு வைக்கலாம். தலைவரின் மைக்குக்கு முன்னுரிமை கொடுக்கலாம்.

வரம்பு ஏன் என்று கேட்பீர்கள். ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி மறுபடி மைக்குக்குள் போய்ச் சுற்றும்போதுதான் அந்தக் 'கொய்ங்' சத்தம் வருகிறது. திறந்திருக்கும் மைக்குகள் கூடக்கூட அந்த ஆபத்தும் கூடும். 33 மைக்கையும் திறந்து வைத்தால் யார் பேசுவதும் புரியாது.

அடுத்து அறை

சிமெண்ட் சுவர், டைல்ஸ் தரை, கண்ணாடி ஜன்னல் எல்லாம் ஒலியைத் திருப்பி அடிக்கும். ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த சொல் வந்து மோதும். கல்யாண மண்டபத்தில் மைக் அறிவிப்பு புரியாமல் போவது இதனால்தான். அப்படிப்பட்ட அறையில் எவ்வளவு விலையுயர்ந்த மைக் வாங்கினாலும் பலன் பாதிதான். கனமான திரைச்சீலை, கூரையிலும் சுவரிலும் ஒலியை உறிஞ்சும் பலகை, சத்தம் போடாத மின்விசிறி ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். முன்னால் இரண்டு பெரிய ஸ்பீக்கர் வைத்து அலற விடுவதைவிட, அறை முழுக்கச் சிறிய ஸ்பீக்கர்களை மிதமான ஒலியில் வைப்பது நல்லது.

பிறகு திரை

வடிகால் வரைபடம், சாலை மதிப்பீடு, குப்பைக் கிடங்கின் புகைப்படம் இவற்றையெல்லாம் காகிதத்தில் கொடுத்தால் யார் எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்றே தெரியாது. திரையில் காட்டினால் எல்லோர் கண்ணும் ஒரே இடத்தில் இருக்கும். "இந்தத் தெரு விட்டுப்போச்சே" என்று உடனே சுட்டிக்காட்ட முடியும். பகல் வெளிச்சம் வரும் அறையில் சாதாரண புரொஜெக்டர் படம் மங்கிவிடும், அங்கே எல்.இ.டி. திரை ஏற்றது. திரை பெரிதாக இருந்தால் மட்டும் போதாது. கடைசி இருக்கையிலிருந்து எழுத்தைப் படிக்க முடியணும்.

பதிவும் குறிப்பும்

மூலையில் ஒரு செல்போனை வைத்துப் பதிவு செய்தால் மின்விசிறிதான் அதிகம் கேட்கும். மைக்குகள் சேரும் மிக்ஸரிலிருந்து நேரடியாகப் பதிவு செய்தால் குரல் தெளிவாகக் கிடைக்கும். கூட்டத் தேதியும் பொருள் எண்ணும் போட்டுச் சேமித்தால், பின்னால் ஒரு நிமிடத்தில் தேடி எடுக்கலாம்.

இதற்கு இப்போது இன்னொரு அவசியமும் வந்திருக்கிறது. கிராம சபைக் கூட்டங்களின் ஒலி, ஒளிப் பதிவிலிருந்து நடவடிக்கைக் குறிப்பைத் தயாரிக்கும் 'சபாசார்' என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியை ஒன்றிய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. 'பாஷிணி' மொழிக் கட்டமைப்பைப் பயன்படுத்தும் இது தமிழிலும் வேலை செய்கிறது. இப்படிப்பட்ட கருவிகள் நகராட்சிகளுக்கு வந்தாலும், மைக்கில் தெளிவாக விழாத தெருப் பெயரை எந்தக் கருவியாலும் சரியாக எழுத முடியாது. எழுதியதை அலுவலர் ஒருவர் சரிபார்க்கவும் வேண்டும்.

கூட்டத்தை மக்கள் நேரில் பார்ப்பதும் புதிதல்ல. நம் சட்டமன்றத்தின் கேள்வி நேரம் 2022 ஜனவரி 6 அன்று நேரலையில் ஒளிபரப்பானது. நல்ல மைக்கும் கேமராவும் உள்ள அரங்கு இருந்தால், நேரலை என்பது ஒரு இணைய இணைப்புத் தூரம்தான்.

காது கேளாதோருக்கும் இடம்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அவர்கள் பயன்படுத்தும் வடிவில் தகவல் கிடைக்கச் செய்வதை அரசின் கடமையாக்குகிறது. பார்வையாளர் பகுதியைச் சுற்றி 'ஹியரிங் லூப்' என்ற கம்பி வளையம் பதித்தால், அதற்கான வசதியுள்ள காதொலிக் கருவியில் மைக் ஒலி நேரடியாகக் கேட்கும். தரை போடும்போதே இதைத் திட்டமிட்டால் செலவு குறையும்.

வாங்கும்போது

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம் 1998 இந்தக் கொள்முதலுக்கும் பொருந்தும். பணம் கொடுப்பதற்கு முன், மின்விசிறியை ஓடவிட்டு அறை நிறைய ஆட்களை உட்கார வைத்துச் சோதிக்க வேண்டும். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், மின்தடைக்கு யு.பி.எஸ்., கருவியை இயக்கப் பயிற்சி பெற்ற இரண்டு பணியாளர்கள் ஆகிய மூன்றும் முக்கியம். இவை இல்லாவிட்டால் புதுக் கருவியும் சீக்கிரமே மூலையில் முடங்கிவிடும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

• தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் பிரிவு 4(1)(ஆ)(8)-ஐத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மன்றக் கூட்டங்களைப் பொதுமக்கள் பார்க்கலாமா, குறிப்புகள் மக்களுக்குக் கிடைக்குமா என்பதை ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும், யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும். முதலில் உங்கள் நகராட்சியின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள்.

• அங்கே கிடைக்கவில்லையா? பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு கொடுங்கள். பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ஒலிப்பதிவு இருந்தால் அதுவும் மின்னணு வடிவில் உள்ள தகவல்தான், அதன் நகலையும் கேட்கலாம். கூட்டத் தேதியையும் பொருளையும் குறிப்பிட்டால் வேலை சுலபம்.

• உங்கள் வார்டின் பகுதி சபாக் கூட்டத்துக்குப் போங்கள். 2022 நவம்பர் 1 முதல் நகர்ப்புறங்களில் இவை நடக்கின்றன. "மன்ற அரங்குல பேசுறது கடைசி வரிசைக்குக் கேக்குதா?" என்று உங்கள் உறுப்பினரிடம் கேளுங்கள்.

• பகுதி சபாவில் அனுமதி பெற்று செல்போனில் பதிவு செய்வதாக இருந்தால், போனை ஃபிளைட் மோடில் போட்டு, அடிப்பக்கத்தில் இருக்கும் மைக் துளையை விரலால் மூடாமல், பேசுபவருக்கு அருகில் வையுங்கள்.

• பேசும்போது வார்டு எண், தெருப் பெயர், எவ்வளவு நாளாகப் பிரச்சினை என்ற மூன்றையும் முதலில் சொல்லிவிடுங்கள். கூட்டம் முடிந்ததும், குறிப்பில் அந்தத் தெருப் பெயர் ஏறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்க.